நீளும் துணியில் கரி அச்சு: எட்டாவது கையுறை

விரல் மடங்குவதை எண்ணிச் சொல்வதற்காக நான் செய்த எட்டாவது கையுறை சித்திரைக் கடைசியில் ஒழுங்காக எண்ணத் தொடங்கியது. இன்றோடு 26 நாட்கள் ஆகின்றன. அதன் துணியில் அச்சடித்த, மின்சாரம் கடத்தும் கரிக்கோடு எந்த இடத்திலும் அறுபடவில்லை. முதல் ஏழு உறைகளும் எந்தெந்த இடத்தில் கெட்டன என்பது நினைவில் இருக்கும்போதே எழுதிவைக்கிறேன்.

ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில் 14 ஆண்டுகளாக ஸ்கிரீன் பிரிண்டிங் கடை நடத்துகிறேன்; சட்டத்தில் கட்டிய மெஷ் என்னும் வலையின் கண்கள் வழியாக மையை இழுத்து அச்சடிக்கும் தொழில். துணிப்பை, கபடிக் குழுவின் பனியன், வண்டி ஸ்டிக்கர் ஆகியவையே அன்றாட வேலை. மின்னணுவியலில் வாங்கிய டிப்ளமோ அதுவரை கடைச்சுவரில் சட்டத்துக்குள் தொங்கியதோடு சரி. என் அக்கா முனைக்காட்டில் கடற்பாசி வளர்ப்பில் விதை கட்டுகிறார். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் வரிசையாகக் கயிறு கட்டி, கயிறு நெடுகப் பாசித் துண்டுகளைக் கட்டிக் கடலில் விட்டு, 45 நாட்கள் கழித்து அறுக்கிற வேலை அது. வாடைக்காற்று எழும்புவதற்கு முன் மிதவைகளைக் கரையேற்றிக்கொண்டிருந்த புரட்டாசி நாளொன்றில் வழுக்கி விழுந்து, அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது. 6 வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது; விரல்கள்தான் மடங்க மறுத்தன. நாளுக்கு 100 முறை விரல்களை மடக்கி விரிக்க வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லி அனுப்பினார். அக்கா செய்தேன் என்பார். அத்தான் செய்யவில்லை என்பார். இந்த வழக்கைத் தீர்க்க, எண்ணிச் சொல்லும் உறை ஒன்று செய்து தருகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னதுதான் தொடக்கம்.

வளைத்தால் மின்தடை மாறுகிற, கடையில் கிடைக்கும் வளைவு உணரி ஒன்றை முதலில் வாங்கித் துணி உறைக்குள் செருகிப் பார்த்தேன். அது பிளாஸ்டிக் பட்டை. வளையுமே தவிர நீளாது. விரலை மடக்கும்போது அதன் புறப்பக்கம் எவ்வளவு நீள்கிறது என்பதை நான் அதற்கு முன் அளந்ததில்லை. என் நடுவிரலின் மேல் நூல் வைத்து அளந்தபோது, நேராக இருக்கையில் 84 மி.மீ. வந்தது, முழுதாக மடக்கியபோது 101 மி.மீ. வந்தது. கிட்டத்தட்ட 20 விழுக்காடு நீட்சி. நீளாத பட்டை ஒவ்வொரு மடக்கிலும் உறைக்குள் வழுக்கி, மூன்றாம் நாள் அடிப்பகுதியில் விரிசல் விட்டது. ஆகவே, 20 விழுக்காடு நீண்ட பிறகும் மின்சாரத்தைக் கடத்துகிற ஒரு மையைத் துணியிலேயே அச்சடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அச்சுத் தொழில் கையில் இருப்பதால் இது எளிது என்றும் நினைத்தேன்.

முதல் உறையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பூட்டுக்குப் போடும் கிராஃபைட் தூளை மரவேலைக்கான வெள்ளைப் பசையில் கலந்து அச்சடித்தேன், காய்ந்ததும் ஒரு தடவை மடக்கினேன், அப்பளம்போல் நொறுங்கியது.

இரண்டாவது உறையில் பேராசை புகுந்தது. கிராஃபைட்டைப் பாத்திரம் கழுவும் திரவத்தோடு சமையலறை மிக்ஸியில் அடித்தாலும் கிராஃபீன் என்னும் மிக மெல்லிய கரி ஏடுகள் பிரியும் என்று 2014இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியை மையமாகக் கொண்ட ஆய்வுக் குழு ஒன்று காட்டியிருந்தது. அவர்கள் காட்டியது உண்மைதான். அதற்குப் பிறகு செய்ய வேண்டியதை நான் படிக்காமல் விட்டேன். அடித்ததில் மிகச் சிறிய பங்குதான் ஏடாகப் பிரியும். பிரியாத கிராஃபைட்டைச் சுழற்றி ஒதுக்க வேண்டும். சோப்பையும் கழுவி நீக்க வேண்டும். நானோ சாம்பல் நிற நீரை அப்படியே வற்றவைத்துப் பூசினேன். ஏடுகளுக்கு இடையே சோப்புப் படலம் உட்கார்ந்துகொள்ள, மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர் 6 மெகா ஓம் காட்டியது; மின்சாரம் போகவே இல்லை எனலாம். அந்த மிக்ஸி ஜாடி அதன் பிறகு சமையலறைக்குத் திரும்பவில்லை. கடையில் மை கலக்கப் பயன்படுகிறது.

மூன்றாவதற்கு 1,400 ரூபாய் கொடுத்து வெள்ளி மைப் பேனா வாங்கினேன். டி-சட்டையில் சூடேற்றி ஒட்டும் நீள் பிளாஸ்டிக் தாளில் கோடு போட்டு, அதைத் துணியில் அயர்ன் செய்தேன். 12 செ.மீ. கோட்டுக்கு மின்தடை 3 ஓம்தான். கையில் தங்கம் கிடைத்ததுபோல் இருந்தது. 6 விழுக்காடு இழுத்ததும் கோடு அறுந்தது. அதுகூடப் பரவாயில்லை, பாம்புபோல் வளைத்து வரைந்தால் தாங்கும் என்று அடுத்த துண்டில் வளைத்து வரைந்து, 1 மி.மீ. இடைவெளியில் போட்ட இரு கோடுகளுக்கு 5 வோல்ட் கொடுத்து இரண்டு இரவுகள் மேசையில் விட்டுவைத்தேன். அது கார்த்திகை, வெளியே வாடை மழை, கடைச்சுவரே வியர்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலையில் இரண்டு கோடுகளும் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. நகைக்கடைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், இலையுதிர்ந்த சீமைக்கருவேலங்கிளைபோலக் கருத்த கிளைகள் இடைவெளியைக் கடந்திருந்தன. ஈரத்திலும் நேர்மின் அழுத்தத்திலும் நேர்முனைக் கோட்டின் வெள்ளி கரைந்து, எதிர்முனைக் கோட்டில் படிந்து வளர்கிறது. உப்புக்காற்று வீசும் ஊரில் வியர்க்கும் கையில் மாட்டுவதற்கு இது ஆகாது என்று வெள்ளியை அன்றோடு விட்டேன். வெள்ளி நுண்கம்பிகள் கலந்த மை நீட்சியைத் தாங்கும் என்பது தெரியும். அதன் விலையும் என் கடையின் வரவும் ஒத்துப்போகவில்லை.

பிறகுதான் கடத்தும் கார்பன் பிளாக் வாங்கினேன். மின்கலம் செய்பவர்கள் பயன்படுத்தும் கரித்தூள் இது. 100 கிராம் 850 ரூபாய். இதன் அடிப்படைத் துகள் ஏறத்தாழ 40 நானோமீட்டர் அளவுடையது. ஒரு மயிரிழையின் குறுக்கே ஆயிரத்துக்கு மேல் அடுக்கலாம். துகள்கள் தனித்தனியாக நிற்காமல் திராட்சைக் கொத்துபோல் கிளைவிட்டு ஒட்டிக்கொண்டிருப்பதால், ரப்பருக்குள் குறைந்த அளவு போட்டாலே கொத்தும் கொத்தும் தொட்டு வழி உண்டாகிறது. நீட்டினால் சில தொடர்புகள் விலகும், மின்தடை ஏறும். விட்டால் திரும்பச் சேரும். எனக்கு வேண்டியது இந்த ஏற்ற இறக்கம்தான். பொட்டலத்தைப் பிரித்தபோது மின்விசிறியை நிறுத்த மறந்தேன். காய்ந்துகொண்டிருந்த 60 வெள்ளைத் துணிப்பைகளில் கரிப்புள்ளி விழுந்தது. மறுபடி அடித்துக் கொடுத்தேன். முகக்கவசம், மூடிய கதவு, நின்ற விசிறி ஆகிய மூன்றும் இல்லாமல் இந்தத் தூளைத் தொடக் கூடாது.

கரியைப் பிடித்துவைக்க ரப்பர் வேண்டும். நான்காவது உறைக்குக் குளியலறை இடுக்கில் அடைக்கும் சிலிக்கோன் குழாய் ஒன்றை எடுத்தேன், காடி வாடை அடிக்குமே அந்த வகை. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். மதுரை வெயிலில் எப்படியோ, எங்கள் கரையோர ஈரத்தில் மூன்றாவது இழுப்புக்குள் ஸ்கிரீனின் கண்களிலேயே தோல் கட்டிவிட்டது. 250 ரூபாய் மெஷ் போனது. அச்சான ஓரிரு கோடுகளில் ஒட்டிய செம்புப் பட்டையும், காய்கையில் வெளிவரும் அமிலத்தால் ஒரே வாரத்தில் பச்சை பூத்தது.

ஐந்தாவதற்கு வார்ப்பு வேலைக்கு விற்கும், இரண்டு பகுதிகளைக் கலந்தால் பிளாட்டினத்தின் உதவியால் இறுகுகிற சிலிக்கோன் வாங்கினேன், ஒரு கிலோ 1,900 ரூபாய். ஈரம் இதற்கு ஒரு பொருட்டல்ல. ஆனால் அச்சடித்த மை நான்கு நாட்கள் ஆகியும் பலாப்பால்போல் பிசுபிசுத்தது. அளவு தவறியிருக்கும் என்று மூன்று தடவை நிறுத்துக் கலந்து, மூன்று தடவையும் பொருளை வீணாக்கினேன். குற்றவாளி நான் மாட்டியிருந்த லேட்டக்ஸ் கையுறை. அதிலுள்ள கந்தகம் பிளாட்டினத்தின் வேலையை முடக்கிவிடுகிறது. கையுறைப் பட்ட கரண்டி, கையுறைப் பட்ட துணி எல்லாமே கெடும். நீல நிற நைட்ரைல் உறைக்கு மாறிய அன்றே மை இறுகியது.

கலவை இப்போது இப்படி நிற்கிறது. 2 கிராம் கார்பன் பிளாக்கை முதலில் 8 மி.லி. மினரல் டர்பன்டைனில் ஊறவைக்க வேண்டும்; எங்கள் தொழிலில் எம்.டி.ஓ. என்று அழைப்போமே, அதேதான். சித்த மருந்து அரைக்கும் பழைய கல்வம் ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் இந்தக் குழம்பை இட்டு, சிலிக்கோனின் முதல் பகுதியில் 10 கிராம் சேர்த்து 5 நிமிடம் அரைத்து, கடைசியில் 10 கிராம் இரண்டாம் பகுதியைச் சேர்த்து ஒரு நிமிடம் கிளற வேண்டும். கரி ரப்பரில் ஏறத்தாழ 9 விழுக்காடு. 6 விழுக்காட்டில் மின்தடை பல நூறு கிலோ ஓமுக்குப் போனது. 12 விழுக்காட்டில் மை இட்லிப் பொடியாக உதிர்ந்தது. நன்றாக அரைத்தால் நன்றாகக் கடத்தும் என்று எண்ணி ஒரு தடவை அரை மணி நேரம் அரைத்தேன். கொத்துகள் உடைந்து மின்தடை இரண்டு மடங்கானது. டப்பாவில் 40 நிமிடம் வேலை நேரம் என்று அச்சிட்டிருந்தாலும் சித்திரைச் சூட்டில் 20 நிமிடத்தில் கெட்டியாகிறது. அதனால் மீன் வைக்கும் தெர்மாக்கோல் பெட்டியில் ஐஸ் போட்டு, மூடிய கிண்ணத்தை அதன் நடுவே வைத்துக்கொண்டு அச்சடிக்கிறேன்.

துணியைச் சொல்ல வேண்டும். லைக்ரா கலந்த நீள்துணியை, வழக்கமாகப் பனியன் துணிக்குச் செய்வதுபோல், பலகையில் இழுத்து ஒட்டினேன். அச்சு கண்ணாடிபோல் விழுந்தது. பலகையிலிருந்து உரித்ததும் துணி சுருங்கி, கோடு முழுவதும் கருவாடுபோல் மடிப்பு விழுந்தது. மேசைப் பசையை மெல்லத் தடவி, துணியைத் தன் போக்கில் படுக்கவைத்து, உள்ளங்கையால் மட்டும் தட்டி ஒட்டுவதே சரி. அங்குலத்துக்கு 110 இழை மெஷ்ஷில் முதலில் கரியில்லாத சிலிக்கோன் ஒரு படலம், அது இறுகிய பின் கரி மை மூன்று இழுப்பு, அதன் மேல் மீண்டும் தெளிந்த சிலிக்கோன். ஒவ்வொரு படலத்துக்கும் டர்பன்டைன் பறக்க 20 நிமிடம் விட்டு, பிறகு சூட்டோடு அழுத்தும் ஹீட் பிரஸ்ஸின் மேல்தட்டைத் துணியில் படாமல் உயர்த்திவைத்து 100 டிகிரியில் 10 நிமிடம் காட்டுகிறேன். அவசரப்பட்டு உடனே சூடு காட்டினால் கொப்புளம் கட்டும்.

கோட்டின் அகலம் 4 மி.மீ.; விரல்நுனி வரை 80 மி.மீ. போய்த் திரும்பி 80 மி.மீ. வரும் ஊசிவளைவு, இரண்டு முனைகளும் மணிக்கட்டுப் பக்கம். அகலத்துக்குச் சமமான நீளத்தை ஒரு சதுரம் என்று கொண்டால் மொத்தம் 40 சதுரம். அளந்த மின்தடை 36 கிலோ ஓம், அதாவது சதுரத்துக்கு 900 ஓம். புது அச்சு ஒன்றின் தரத்தை இந்த ஓர் எண்ணைக் கொண்டே பார்த்துவிடுகிறேன். 1,200ஐத் தாண்டினால் அந்தக் கலவையைக் கழிக்கிறேன்.

பிறகு சோதனைப் பலகை. மர அளவுகோலில் இரண்டு பைண்டர் கிளிப்புகளைப் பொருத்தி, 100 மி.மீ. துண்டை 120 மி.மீ.க்கு இழுத்து விட்டு விட்டுப் பார்த்தேன். முதல் இழுப்பில் மின்தடை பாதிக்கு மேல் ஏறியது. விட்டபின் பழைய எண்ணுக்கு வரவில்லை. பத்து இழுப்புகளுக்குப் பின் தடுமாற்றம் குறைந்தது. ஐம்பதுக்குப் பின் ஓய்வுநிலை எண் ஏறத்தாழ நிலைத்தது. புதுச் செருப்பைப் போட்டுப் பழக்குவதுபோல், உறையையும் தைப்பதற்கு முன் ஐம்பது தடவை இழுத்துப் பழக்க வேண்டும். பழக்கிய உறையில் ஓய்வுநிலை 41 கிலோ ஓம், என் கை முழுதாக மடங்கியபோது 58.

ஆறாவது உறையும் ஏழாவதும் இணைப்பில் செத்தன. அச்சடித்த கோடு ரப்பர். சர்க்யூட்டுக்குப் போகும் கம்பி செம்பு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் பற்றவைக்கும் ஈயம் ஒட்டாது. ஆறாவதில் ஒட்டிய செம்புப் பட்டை இரண்டே நாளில் உரிந்தது. ஏழாவதில் டிச் பட்டன் அடித்தேன். பட்டன் தாங்கியது, பட்டனின் விளிம்பையொட்டி அரைவட்டமாகக் கரிக்கோடு கிழிந்தது. கிழிவதற்கு முன்பே பட்டனில் துரு ஏறத் தொடங்கியிருந்தது. மை சரியில்லை என்று எண்ணிக் கலவையை மாற்றி மாற்றி மாசியும் பங்குனியும் போயின. அடுத்த கடைத் தையற்காரர் ஒருநாள் கிழிந்த உறையை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, சட்டைக் காலர் எங்க முதல்ல கிழியும்? பக்ரம் முடியுற இடத்துலதான். கெட்டித்துணி ஒரே கோட்டுல முடியக் கூடாது.”

அவர் ஒரு துண்டுப் பக்ரத்தை எடுத்து, ஓரத்தை ரம்பப் பல்போல நீள நீளமாக வெட்டி, மணிக்கட்டுப் பக்கம் துணிக்கு அடியில் வைத்துத் தைத்தார். ஒவ்வொரு பல்லும் 15 மி.மீ. நீளம். கெட்டியிலிருந்து நெகிழ்வுக்கு மாறுவது ஒரே வரியில் நிகழாமல் 15 மி.மீ. தூரத்துக்குப் பரவுகிறது. அந்தக் கெட்டிப் பகுதிக்குள் மட்டும் துருப்பிடிக்காத எஃகு நூலை வளைத்து வளைத்துத் தைத்து, கரி மையின் மூன்றாம் இழுப்பை நூலின் மேலேயே அடித்து, ஈரமாக இருக்கும்போதே நூலை மைக்குள் அழுத்தி, எல்லாவற்றையும் தெளிந்த சிலிக்கோனால் மூடினேன். நூலின் மறுமுனை கெட்டித்துணியில் தைத்த சிறு சர்க்யூட் தட்டின் துளையில் இறுகக் கட்டப்படுகிறது. அங்கிருந்து வழக்கமான கம்பி. எட்டாவது உறை இதுதான்.

எண்ணும் பெட்டியில் ஆர்டுயினோ நானோ என்னும் சிறு கணினித் தட்டு ஒன்றும், 47 கிலோ ஓம் மின்தடை ஒன்றும் உள்ளன. உறைக்கு எந்நேரமும் மின்சாரம் கொடுக்காமல், நொடிக்கு 20 முறை, ஒவ்வொரு முறையும் 5 மில்லிநொடி மட்டும் கொடுத்து அளக்கிறேன். வெள்ளி சொல்லிக்கொடுத்த பாடம் அது. பவர் பேங்கில் இணைத்தால், இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்று அதுவே அணைந்துகொள்கிறது. மூன்று பென்சில் செல்களுக்கு மாறினேன். உறையின் மின்தடை ஏறினால் நானோ காட்டும் எண் இறங்கும்: கை விரிந்திருக்கையில் 546, மடங்குகையில் 458 என்று வந்தது. 500க்குக் கீழே போனால் ஒன்று என எண்ணச் சொன்னேன். ஒவ்வொரு மடக்கையும் இரண்டாக எண்ணியது. நிரலில் பிழை தேடி ஒரு வாரம் போனது. எண்களை வரிசையாக எழுதிப் பார்த்த பிறகே தெரிந்தது: விரலை விரிக்கும்போது 458இலிருந்து 520க்கு ஏறி, மீண்டும் 490க்கு இறங்கி, அதன் பிறகே 540ஐத் தாண்டுகிறது. ரப்பர் சுருங்கும்போதும் கரிக்கொத்துகள் ஒரு கணம் இடம் பெயர்ந்து மின்தடையை ஏற்றுகின்றன; கரி ரப்பரின் குணம் அது. 500க்குக் கீழே போனால் எண்ணு, 530க்கு மேல் வந்த பிறகே அடுத்ததற்குத் தயாராகு என்று இரண்டு எல்லை வைத்ததும் சரியானது.

அக்காவிடம் கொடுத்தேன். முதல் நாள் மாலை அவர் நூறு முறை செய்ததாகச் சொன்னார். பெட்டி 34 காட்டியது. அத்தான் சிரித்தார். “எண்ணத் தெரியாத பெட்டியைக் கொண்டாந்து கொடுத்துட்டு என்னையப் பொய்க்காரி ஆக்குறியாடா?” என்று அக்கா உறையைக் கழற்றி வைத்துவிட்டார். மறுநாள் எதிரில் உட்கார்ந்து எண்களைப் பார்த்தேன். அவருடைய விரல் மடங்குவதே பாதிதான். 546இலிருந்து 517 வரைதான் இறங்கியது, கை சூடேறிய பிறகு சில தடவை மட்டும் 500ஐத் தொட்டது. எல்லைகளை நான் என் நல்ல கையில் அளந்து வைத்திருந்தேன். உறையை மாட்டியதும் முதல் 5 மடக்கை வைத்து அன்றைய எல்லைகளைப் பெட்டியே வகுத்துக்கொள்ளும்படி நிரலை மாற்றினேன். அன்று மாலை அவர் வாயால் எண்ணிய 100க்குப் பெட்டி 98 காட்டியது. அத்தானிடம் அதைக் காட்டிவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.

ஒரு முறை, சொல்லியும் கேளாமல், உறையோடு கடலில் இறங்கியிருக்கிறார். எண்கள் கலைந்தன. நூல் வெளிவரும் இடத்தில் சிலிக்கோன் மூடாத இரண்டு மி.மீ. இருந்தது, உப்புநீரில் ஊறிய துணி இரு முனைகளையும் இணைத்துவிட்டது. நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, அந்த இடத்தை மூடியபின் பழையபடி ஆனது.

கெட்டுப்போனவற்றையும் சேர்த்துச் செலவு: கரி 850, சிலிக்கோன் 1,900, வெள்ளிப் பேனா 1,400, எஃகு நூல் 450, நானோ 350, துணி 500, நான்கு மெஷ் 1,000, ஆக 6,450 ரூபாய், வளைவு உணரியும் மிக்ஸி ஜாடியும் நீங்கலாக. இன்னோர் உறை செய்ய, பெட்டி இல்லாமல், 180 ரூபாய்க்குள் முடியும்.

அடுத்த உறையில் அடிப்படலத்தை விளிம்புகளில் 3 மி.மீ. அகலமாக அடிப்பேன்; இப்போது ஒன்றரைதான் இருக்கிறது, ஓரம் லேசாகத் தூக்குகிறது. நடுவிரலோடு மோதிர விரலுக்கும் ஒரு கோடு வேண்டும், அங்கேதான் விறைப்பு அதிகம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் திறந்திருக்க வேண்டும் என்பது அக்காவின் நிபந்தனை. பாசி முடிச்சுப் போட அந்த இரண்டும் போதுமாம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடையில் வேலை கூடுவதற்குள் இந்தப் புதுக் கோடுகளின் படத்தை ஒளி காட்டிப் புது ஸ்கிரீனில் ஏற்ற வேண்டும்.